டிடி ரேஸ் ஆவணப்படத்தில் எதைப் பார்ப்பது?

ஐல் ஆஃப் மேன் தீவில் நடக்கும் டிடி மோட்டார் சைக்கிள் ரேஸ் பற்றிய ஆவணப்படங்களைப் பார்ப்பவர்கள் பலர், "ஒருத்தரை ஒருத்தர் முந்துற காட்சியே இல்லையே" என்று குறைபடுகிறார்கள். அது படத்தின் குறை இல்லை. அங்கே பத்து வினாடி இடைவெளியில் ஒவ்வொருவராகக் கிளம்புகிறார்கள், போட்டியே கடிகாரத்தோடுதான். ஒரு சுற்று 60.7 கிலோமீட்டர், சாதாரண ஊர்ச்சாலை, இருபுறமும் கல்சுவர்.

எனக்குப் பிடித்தது ஹேண்டில்பார் உதறும் ஷாட்தான். மேட்டில் ஏறி முன்சக்கரம் லேசாகிறது. கொஞ்சம் கோணலாகத் தரையைத் தொட்டதும் ஹேண்டில் இடமும் வலமுமாக அடிக்கிறது. இறுக்கிப் பிடித்தால் உதறல் கூடும். தொடையால் டேங்கைக் கவ்வி, கையைத் தளர்த்த வேண்டும். ஹேண்டில் அதிர்வைத் தணிக்கும் ஸ்டியரிங் டேம்பர் என்ற கருவி மீதியை அடக்கும். அந்தக் கைகளைக் கவனியுங்கள்!

பைக்கை நிறுத்திப் பெட்ரோல் போடும் பிட் ஸ்டாப் காட்சியையும் பார்க்காமல் தாண்டிவிடாதீர்கள். ஆறு சுற்று ரேஸில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை பெட்ரோல்.