ஆச்சரியக்குறி போட்டு வழி சொன்ன மின்னஞ்சல்கள்

1980களில் பல்கலைக்கழகங்களுக்கு ஆளுக்கொரு கணினி வலை. ஆர்ப்பாநெட், பிட்நெட், சிஎஸ்நெட், யுயுசிபி என்று ஒவ்வொன்றுக்கும் தனி மின்னஞ்சல் முகவரி முறை. யுயுசிபியில் கடிதம் எந்தெந்தக் கணினி வழியாகப் போக வேண்டும் என்பதை அனுப்புகிறவரே வரிசையாக எழுதி, நடுநடுவே ஆச்சரியக்குறி போட வேண்டும்.

பிட்நெட் 1981-இல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தையும் யேலையும் இணைத்துத் தொடங்கியது. அங்கே ஐபிஎம் மெயின்ஃபிரேம் என்ற பெரிய கணினிகள், எப்சிடிக் என்ற வேறு எழுத்துக் குறியீடு. மற்ற வலைகளில் வழங்கிய ஆஸ்கி குறியீட்டுக்கு மாறும்போது சதுர அடைப்புக்குறி, நெளி அடைப்புக்குறி எல்லாம் சில சமயம் வேறு எதுவாகவோ போய்ச் சேரும். அந்தக் குறிகள் நிறைந்த சி மொழி நிரலை அனுப்பியவர்கள் பாவம். கோப்புகளை வெறும் எழுத்துகளாக்கி மின்னஞ்சலில் அனுப்பப் பின்னாளில் வந்த பேஸ்64 முறை, எங்கே போனாலும் மாறாத எழுத்துகளை மட்டுமே எடுத்துக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

எனக்கு மிகவும் பிடித்தது பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களின் வலையான ஜேனட்டின் கதை. மற்றவர்கள் நாட்டைக் கடைசியில் எழுத, அவர்கள் முகவரியை நாட்டில் தொடங்கித் தலைகீழாக எழுதினார்கள். கணினி அறிவியல் துறை என்றால் கடைசியில் 'சிஎஸ்' வரும். அப்புறம் செக்கோஸ்லோவாகியாவுக்கும் நாட்டுக் குறியீடாக அதே இரண்டெழுத்து கிடைத்தது. இது பிரிட்டனில் உள்ள துறையா, செக்கோஸ்லோவாகியாவா என்று மென்பொருள் திண்டாடியது.

இத்தனை முறைகளையும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றித் தர, கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன் சென்ட்மெயில் என்ற மின்னஞ்சல் மென்பொருளை எழுதினார். அதன் அமைவுக் கோப்பு படிக்கவே முடியாது என்று இன்றும் திட்டுகிறார்கள். எனக்கு அது அநியாயமாகப் படுகிறது. முகவரி விதிகளை நிரலுக்குள் பூட்டாமல் அந்தக் கோப்பில் வைத்ததால்தான், புதிதாக ஒரு வலை வந்தாலும் நிரலைத் திருத்தாமல் சமாளிக்க முடிந்தது.