பெரட்டுக்குப் போன மாமா

துறையூரிலிருந்து கல்யாணமாகி மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்கு வந்து ஏழு வருஷம் ஆகிறது. மலாய் புரியாது என்று தெரிந்துதான் வந்தேன். தமிழும் புரியாது என்று யாரும் சொல்லவில்லை. "பசியாறியாச்சா?" என்றால் சாப்பிட்டாயிற்றா என்று அர்த்தம். சடக்கு என்றால் ரோடு, கித்தா என்றால் ரப்பர். மாமா, அதாவது என் மாமனார், அடிக்கடி சொல்லும் 'பெரட்டு' என்ன என்று புரியத்தான் ரொம்ப நாளாயிற்று. விடிவதற்கு முன்னால் தோட்டத்து ஆட்களை வரிசையாக நிற்க வைத்துப் பேர் கூப்பிட்டு, வேலை பிரித்துக் கொடுப்பார்களே, அதுதான் பெரட்டு. வெள்ளைக்காரனின் 'பரேடு' நம் வாயில் அப்படி ஆகியிருக்கிறது.

மாமா பன்னிரண்டு வயதிலிருந்து கித்தா மரத்தில் பால் வெட்டியவர். இப்போது எண்பது தாண்டிவிட்டது. தோட்டத்தில் கித்தாவை வெட்டிவிட்டுச் செம்பனை எனும் எண்ணெய்ப் பனை போட்டார்கள், வரிசை வீடுகளான லயங்களை இடித்தார்கள், குடும்பம் டவுன் பக்கம் தாமான் என்கிற ஒரு குடியிருப்புக்கு வந்தது. நான் வந்தபோதே அவருக்கு மறதி இருந்தது. வயசானால் அப்படித்தான் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் தலையாட்டினேன். என் பேரை மறந்தார், பரவாயில்லை. அத்தை இறந்துபோனதை மறந்து, காலையில் அவரைத் தேட ஆரம்பித்த பிறகுதான் டாக்டரிடம் கூட்டிப்போனோம்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நாள் விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து பார்க்கிறேன், கிரில் கதவு திறந்து கிடக்கிறது. சிலிப்பர் வாசலிலேயே இருந்தது, டார்ச் லைட்டைக் காணோம். இங்கே ஐந்தரை என்றால் நடுராத்திரி மாதிரி இருட்டு. 1982இல் சபா, சரவாக் நேரத்தோடு ஒத்துப்போகட்டும் என்று தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளினார்களாம். சூரியனுக்கு அது தெரியாது, ஏழு மணிக்குத்தான் வரும். மாமாவுக்கும் அது தெரியவில்லை என்றுதான் இப்போது தோன்றுகிறது.

வீட்டுக்காரருக்கு அன்று ஈப்போவில் நைட் ஷிப்ட். போன் செய்தால், "போலீஸ்ல இருபத்திநாலு மணி நேரம் கழிச்சுத்தான் ரிப்போர்ட் எடுப்பாங்க, முதல்ல தேடிப் பாருங்க" என்றார். பக்கத்து வீட்டு அக்கா காதில் வாங்காமல் என்னை நேராக நிலையத்துக்குக் கூட்டிப்போனார். உடனே எழுதிக்கொண்டார்கள். காத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, சினிமா பார்த்துக் கெட்டுப்போயிருக்கிறோம். கஷ்டம் வேறு இடத்தில் வந்தது. என் அரைகுறை மலாயில் மறதி நோயை எப்படிச் சொல்வது? தலையைத் தொட்டுக் காட்டினேன். "ஞாஞோக்?" என்றார் அந்தப் போலீஸ்காரர். அன்று கற்றுக்கொண்ட சொல் அது.

அதற்குள் தாமான் வாட்ஸ்அப் குழுவில் படம் போய்விட்டது. பேரன் பிறந்தநாளில் எடுத்தது, தலையில் காகிதத் தொப்பி வேறு. மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கியில் பாட்டை நிறுத்தி அறிவிப்புச் செய்தார்கள்: சாம்பல் நிறக் கைலி, வெள்ளைப் பனியன், காலில் செருப்பு இல்லை. பசார் பக்கம் நாலு பேர், பஸ் ஸ்டாண்டில் இரண்டு பேர் தேடினார்கள். ஆள் கிடைக்கவில்லை.

ஒலிபெருக்கியைக் கேட்டு, மகனின் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து ஒரு கிழவி வந்தார். மாமாவோடு தோட்டத்தில் வேலை செய்தவராம். வந்ததும் எங்களைத் திட்டினார். "என்ன சட்டை போட்டிருந்தாருன்னு ஊருக்கெல்லாம் சொல்றீங்க. எந்த நெரையில, எந்த மர வரிசையில வெட்டுனாருன்னு யாராச்சும் யோசிச்சீங்களாலா?"

அவர் வழிகாட்ட, நாலு கிலோமீட்டர் தள்ளிச் செம்பனைக் காட்டுக்குள் போனோம். எனக்கு எல்லா வரிசையும் ஒரே மாதிரி தெரிந்தது. அவருக்கு அது காடே இல்லை. "இது புள்ளைங்கள விட்டுட்டுப் போற ஆயக்கொட்டகை, இது ஸ்டோரு, இந்தப் பக்கம் பழைய லயம்" என்று, இல்லாத கட்டடங்களைக் காட்டிக்கொண்டே போனார். "இங்கதான் கேட்டு" என்று அவர் மோட்டாரை நிறுத்தச் சொன்ன இடத்தில் மாமா நின்றுகொண்டிருந்தார். கேட்டும் இல்லை, வேலியும் இல்லை. டார்ச் எரிந்துகொண்டே இருந்தது. எங்களைப் பார்த்ததும் இரண்டு கையையும் தூக்கினார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கிழவிதான் சொன்னார். 1948 ஜூன் 16ஆம் தேதி இந்தச் சுற்றுவட்டத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகளைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்றார்கள். அதோடு அவசரகாலம் வந்தது. 1960 வரை நீடித்தது. லயத்தைச் சுற்றி முள்வேலி, ஊரடங்கு. காட்டில் பதுங்கியிருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாதென்று, வேலைக்குப் போகிறவர்களை கேட்டில் தடவிப் பார்த்துத்தான் விடுவார்களாம். அப்போது மாமா சின்னப் பையன். அந்த கேட்டு திறக்கத்தான் அவர் காத்திருந்தார், சோதனை போடத்தான் கையைத் தூக்கினார். பனியனுக்குள் கை விட்டால் பிளாஸ்டிக் பையில் கொஞ்சம் பழைய சோறு.

டல்லாஸில் இருக்கும் என் தம்பியிடம் இதைச் சொன்னேன். அவன் ஊரில் இதற்கென்றே 'சில்வர் அலர்ட்' இருக்கிறதாம். காணாமல் போன குழந்தைகளுக்காக 1996இல் டெக்சாஸில் தொடங்கிய 'ஆம்பர் அலர்ட்' பாணியில் முதியவர்களுக்கு ஒன்று. டெக்சாஸில் 2007இல் சட்டமாயிற்று. பொதுவாக 65 வயதாகியிருக்க வேண்டும், நினைவுக் கோளாறுக்கு மருத்துவச் சான்று வேண்டும், காணாமல் போன 72 மணி நேரத்துக்குள் கேட்க வேண்டும். நெடுஞ்சாலை மின்பலகையில் கார் நிறமும் எண்ணும் ஓடும். மலேசியாவிலும் குழந்தைகளுக்கு 'நூர் அலர்ட்' உண்டு. 2007இல் கொல்லப்பட்ட எட்டு வயதுச் சிறுமி நூரின் ஜஸ்லினின் நினைவாக 2011இல் வந்தது. இங்கே அறுபதைத் தாண்டியவர்களுக்கு 'வார்கா எமாஸ்', தங்கக் குடிமக்கள் என்று பெயர். பெயரளவில் அமெரிக்க வெள்ளியைவிட நாங்கள் ஒரு படி மேல்.

தம்பி சொன்னதைக் கேட்டுப் பொறாமையாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பலகை கார் ஓட்டுகிறவர்களுக்கானது. எங்கள் ஆள் வெறுங்காலில் போனவர், அதுவும் சடக்கை விட்டு விலகி. அவருக்கு கோயில் ஒலிபெருக்கிதான் சரி. அதைக் கேட்க அந்தத் தலைமுறையில் ஒருவராவது உயிரோடு இருக்க வேண்டும், அதுதான் பயம். ஒரு விஷயத்தில் மட்டும் அமெரிக்காக்காரன் கெட்டி: ஆள் கிடைத்ததும் அலர்ட்டை ரத்து செய்துவிடுவான். எங்கள் வாட்ஸ்அப் செய்தியை யார் ரத்து செய்வது? மூன்று வாரம் கழித்தும் ஜொகூரிலிருந்து யாரோ ஒரு நல்ல மனுஷி போன் செய்து, "அந்தத் தொப்பி போட்ட தாத்தா கிடைச்சிட்டாரா?" என்று அழாத குறையாகக் கேட்டார். தாத்தா அப்போது ஹாலில் ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கைலி விளிம்பில் போன் நம்பரைத் தைத்து வைத்திருக்கிறேன். கிரில்லுக்குப் பூட்டு, அதில் ஒரு மணி. கிழவியை வீட்டுக்கு அழைத்து, கோப்பி கொடுத்து, தோட்டத்தின் வரைபடம் ஒன்றை வரைந்து வாங்கிக்கொண்டேன். கிணறு, ஆலை, பள்ளிக்கூடம், கேட்டு எல்லாம் அதில் இருக்கிறது. ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறேன்.

போன வாரமும் விடியற்காலை மணிச் சத்தம் கேட்டு எழுந்து போனேன். கதவருகே டார்ச்சோடு நின்றார்.

"பெரட்டுக்கு நேரமாச்சு."

மழை பெய்து பட்டை நனைந்தால் பால் வெட்ட முடியாது. இதையும் அந்தக் கிழவிதான் சொல்லிக் கொடுத்திருந்தார்.

"மழை மாமா. இன்னிக்கு வெட்டு இல்ல."

வெளியே ஒரு சொட்டு இல்லை. கொஞ்ச நேரம் இருட்டைப் பார்த்தார், டார்ச்சை அணைத்தார்.

"அப்ப கோப்பி கலக்கு."