ஒரகடம் நாட்குறிப்பு: ஜப்பான் அழைப்புகள்

ஜூன் 9, 2025, திங்கள்
மனிதவளப் பிரிவு ஆளுமைத் தேர்வு ஒன்றை அனுப்பியிருக்கிறது. மையர்ஸ்-பிரிக்ஸ், 16 வகை. 1921இல் கார்ல் யுங் எழுதிய புத்தகத்திலிருந்து முளைத்தது. அதே ஆள் சில வாரம் கழித்து எழுதினால் வேறு வகை வரலாம். எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் அதிலுள்ள அகமுகம் (தனக்குள் ஒடுங்கும் சுபாவம்), புறமுகம் (கலகலவென்று பழகும் சுபாவம்) என்ற ஒரு பிரிவை மட்டும் ஜப்பான் வாடிக்கையாளர்களோடு பேசும் அழைப்புகளில் கண்ணால் பார்க்கிறேன்.

ஜூன் 11, புதன்
ஜப்பானின் நகோயாவில் இருக்கும் வாடிக்கையாளர்களோடு வீடியோ அழைப்பு. சேல்ஸ் பையன் ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் தேர்வில் என்4தான் (என்5 கடைசிப் படி, என்1 உச்சம்). வினைச்சொல் தப்பு, மரியாதை வடிவம் தப்பு, ஆனாலும் சளைக்காமல் பேசினான். தரப்பிரிவுப் பெண் என்2 முடித்தவள், வாயே திறக்கவில்லை. ‘அவனுக்குத்தான் ஜப்பானீஸ் நல்லா வருது’ என்கிறார் மேலாளர். அந்தத் தேர்வில் பேச்சுப் பகுதியே கிடையாது. யாருக்கு மொழி நன்றாகத் தெரியும் என்பது சான்றிதழைப் பார்த்தாலும் தெரியாது, அழைப்பைப் பார்த்தாலும் தெரியாது. டெவாலே, ஃபர்னம் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1999இல் எழுதியதும் இதைப் பற்றித்தான்: எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணில் புறமுகத்தின் பலன் தெரிவதில்லை, பேச்சில், அதுவும் பதற்றமான நேரத்தில், தெரிகிறது.

ஜூன் 13, வெள்ளி
விலைக் கூட்டம். நம் விலையைச் சொன்னதும் அந்தப் பக்கம் அமைதி. குனிந்து தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். பையனுக்குப் பொறுக்கவில்லை. ‘இன்னும் கொஞ்சம் குறைக்கலாம்’ என்று தானாகவே சொல்லிவிட்டான். யாரும் கேட்கவே இல்லை! அவர்கள் யோசிக்க எடுத்துக்கொண்ட நேரம் அவனுக்குக் கோபமாகத் தெரிந்திருக்கிறது. மாலைக்குள் அது கூட்டக் குறிப்பில் எழுத்தாக வந்துவிட்டது. இனி எங்கே பின்வாங்குவது?

ஜூன் 18, புதன்
தரப்பிரிவுப் பெண்ணிடம் பேசினேன். “கேள்வி முன்னாடியே தெரிஞ்சா பயமில்லை சார். திடீர்னு கேட்டாதான் வாய் வரலை” என்றாள். சரி, அப்படியே செய்வோம் என்று சந்தேகங்களை முன்கூட்டியே அங்குள்ள ஒவ்வொருவருக்கும் மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னேன். ஜப்பான்காரர்கள் நெமவாஷி என்பதும் இதுதான், கூட்டத்துக்கு முன்பே ஆளாளாகப் பேசிச் சம்மதம் வாங்குவது. வளவளவென்று பேசுகிறவர்களுக்கு இதற்குப் பொறுமை இருக்காது.

ஜூன் 20, வெள்ளி
குறைபாட்டு அறிக்கை ஒரே அழைப்பில் ஒப்புதலானது. பேசியது அவள். இடையில் அமைதி வந்தபோது அவளும் சும்மா இருந்தாள்; அவர்களே பேசினார்கள். அடுத்த மாதம் வாடிக்கையாளர்கள் நேரில் வருகிறார்கள். இரவு விருந்துக்குப் பையனைத்தான் அனுப்புவேன், அங்கே அவனை மிஞ்ச ஆளில்லை. விலைப் பேச்சில் மட்டும் அவள் பக்கத்தில் உட்காரட்டும்.