மைலேஜ் குறைந்தால் முதலில் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள்

பழைய டீசல் எஸ்யூவி வாங்கி, மைலேஜ் வரவில்லை என்று டேங்கில் பாட்டில் பாட்டிலாக மருந்து ஊற்றுகிறவர்கள் நிறைய. அந்தக் காசில் பிரேக் சர்வீஸே முடிந்துவிடும்.

டேஷ்போர்டு காட்டும் கணக்கு வேண்டாம். வேலூர் சத்துவாச்சாரி பக்கம் ஏதாவது ஒரு பங்க்கில் முதல் ஆட்டோ கட் வரை, அதாவது பம்ப் தானாக முதல் தடவை நிற்கும்வரை, டீசல் பிடித்து, கிருஷ்ணகிரி போய்த் திரும்பினால் 200 கிலோமீட்டரைத் தாண்டும். அதே பம்ப்பில் மறுபடி முதல் கட் வரை பிடியுங்கள். 236 கிலோமீட்டருக்கு 21 லிட்டர் போனால் லிட்டருக்கு 11.2 கிலோமீட்டர். பழைய ஓனர் பெரிய டயர் மாட்டியிருந்தால் ஓடோமீட்டர் தூரத்தைக் குறைத்துத்தான் காட்டும், ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து பிரேக். பத்து கிலோமீட்டர் அதிகம் பிரேக் போடாமல் ஓட்டி, நிறுத்தி, ரிம் பக்கம் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒரு முன் சக்கரம் மட்டும் அனலடித்தால் அங்கே பிரேக் விடவில்லை. வண்டி ஆறியதும் பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கி ஏற்றி, ஸ்டாண்டு வைத்து, அந்த முன் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். இறுகினால் பிளீடிங் நிப்பிளை, அதாவது பிரேக் ஆயிலை வெளியே விடும் சின்னத் திருகை, கொஞ்சம் திறக்க வேண்டும். சட்டென்று சக்கரம் விட்டால் கோளாறு பிரேக் ஹோஸிலோ, பெடலோடு சேர்ந்த மாஸ்டர் சிலிண்டரிலோ. அப்போதும் விடாவிட்டால் பிரேக் பேடை அழுத்தும் கேலிப்பரின் பிஸ்டனோ, கேலிப்பர் நகரும் கைடு பின்னோ துருப்பிடித்து நிற்கிறது. கைடு பின்னுக்கு பிரேக்குக்கென்றே வரும் சிலிக்கான் கிரீஸ்தான். சாதா கிரீஸ் தடவினால் ரப்பர் உப்பி மறுபடி இறுகும். வேலை முடிந்ததும் பிரேக் லைனில் புகுந்த ஏர் எடுக்காமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள். பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

இன்ஜின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். வேலூர் வெயிலுக்கு அது எதற்கு என்று கழற்றிப் போட்டுவிடும் பழக்கம் சில பட்டறைகளில் உண்டு. தப்பு. இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமலே ஓடும், டீசல் கூடக் குடிக்கும். ஹைவேயில் டெம்பரேச்சர் முள் கீழே இறங்கினால் தெர்மோஸ்டாட் இல்லை, அல்லது திறந்தபடி மாட்டிக்கொண்டது.

கரும்புகை, இழுவைக் குறைவு, ஏறும்போது விசில் சத்தம் மூன்றும் சேர்ந்தால், டர்போ காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரின் ஹோஸைப் பாருங்கள். கிளாம்ப் ஓரம் ஆயில் ஈரம் படிந்திருந்தால் காற்று அங்கேதான் போகிறது.

டயர் காத்தைக் காலையில், ஓட்டுமுன், கதவோர ஸ்டிக்கர் சொல்லும் அளவுக்கு வையுங்கள். மத்தியானம் ஓடி வந்த டயர் கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்து இறக்கிவிட்டால் மறுநாள் காலை குறைந்திருக்கும்.

சர்வீஸ் புக் இல்லாத வண்டியா? டைமிங் பெல்ட் உள்ள இன்ஜின் என்றால் முதல் செலவு அதற்குத்தான். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். டீசல் ஃபில்டர், கூலன்ட், இன்ஜின் ஆயில் எல்லாம் புதிதாக. டிபிஎஃப், அதாவது புகைக் கரியைப் பிடிக்கும் ஃபில்டர், உள்ள பிஎஸ்6 வண்டிக்கு மேனுவல் சொல்லும் லோ ஆஷ் (சாம்பல் குறைந்த) ஆயில் மட்டும். கிரௌன் (டிஃபரன்ஷியல்) ஆயில் மாற்றும்போது மேலே ஊற்றும் பிளக் திறக்கிறதா என்று முதலில் பாருங்கள். கீழே எல்லாம் வடித்துவிட்டு மேல் பிளக் சுற்றிப்போனால், வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான்.