அலையும் ஆர்க்: பட்டறை நாட்குறிப்பு

நவம்பர் 11, 2024, திங்கள்

3 மி.மீ. 5052 ரக அலுமினியத் தகட்டில் ஆயில் டேங்க், டிக் (TIG) வெல்டிங். ஏசி மின்சாரம், 120 ஆம்பியர், ஆர்க் கிளம்பும் கம்பி 2.4 மி.மீ. நீல முனை டங்ஸ்டன், உருக்கிச் சேர்க்கும் கம்பி 5356 ஃபில்லர். பல வருடமாக நான் ஓட்டும் கணக்குதான். இன்று ஆர்க் (டங்ஸ்டனுக்கும் தகட்டுக்கும் நடுவே எரியும் மின்பொறி) ஒரே இடத்தில் நிற்கவே மாட்டேன் என்கிறது. தொடங்கும்போது நேராக இருக்கிறது, இரண்டு அங்குலம் போவதற்குள் இடதும் வலதுமாகத் தாவுகிறது. தையலின் (வெல்ட் கோட்டின்) ஓரத்தில் கரியும் படிகிறது.

முதல் சந்தேகம் தகட்டின் மேல். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். மேலே இருக்கும் ஆக்சைடு தோலுக்கு 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். அந்தத் தோல் சீராகப் போகாவிட்டால் ஆர்க் அலையும். அசிட்டோன் போட்டுத் துடைத்து, அலுமினியத்துக்கென்று தனியாக வைத்திருக்கும் எவர்சில்வர் பிரஷால் தேய்த்தேன். கொஞ்சம் தேவலாம், அவ்வளவுதான்.

நவம்பர் 12, செவ்வாய்

மெஷினில் கிளீனிங்கை (ஏசியில் ஆக்சைடை உரிக்கும் பங்கை) 30-லிருந்து 40 சதவீதமாக்கினேன். டங்ஸ்டன் முனை உருண்டு பருத்தது, ஆர்க் இன்னும் மோசம். பழையபடி 30. அப்புறம் ஃப்ரீக்வென்சியை 80-லிருந்து 120 ஹெர்ட்ஸ் ஆக்கியதும் ஆர்க் ஒடுங்கியது, ஆனால் அலைச்சல் போகவில்லை. ஒவ்வொரு மாற்றத்தையும் நோட்டில் எழுதி வைக்கிறேன். ஒரே நேரத்தில் இரண்டு குமிழைத் திருப்பினால் எது வேலை செய்தது என்று பிறகு தெரியாது.

நவம்பர் 13, புதன்

மின்சாரம் மெஷினுக்குத் திரும்பும் எர்த் கிளாம்ப் மேசைக் காலில் மாட்டியிருந்தது, கால் முழுக்கத் துரு. மேசை மேலும் பழைய தெறிப்புகள் ஒட்டிக் கிடந்ததால் தகடு இரண்டு இடத்தில்தான் தொட்டுக்கொண்டிருந்தது. கிளாம்பைத் தகட்டிலேயே, தேய்த்த இடத்தில் பிடித்தேன். தாவல் பாதிக்கு மேல் குறைந்தது. ஆனால் கரி அப்படியே படிகிறது. அப்படியென்றால் இரண்டு கோளாறு.

நவம்பர் 15, வெள்ளி

இன்று பிடித்துவிட்டேன்!

வெல்டை நிறுத்தியதும் டார்ச்சை எடுக்காமல், வெல்டைக் காற்றுப் படாமல் காக்கும் கேஸ் ஓடி நிற்கும் வரை பன்னிரண்டு விநாடி அங்கேயே வைத்திருந்தேன். டங்ஸ்டன் வெள்ளி மாதிரி பளபளக்க வேண்டும். எனக்கு வந்ததோ நீலமும் கருப்பும். சூடான முனைக்குக் காற்று போகிறது என்று அர்த்தம். மீட்டர் நிமிடத்துக்கு 9 லிட்டர் காட்டுகிறது. 15-க்கு ஏற்றிப் பார்த்தேன், கரி கூடியது. கேஸ் அளவுக்கு மிஞ்சினால், டார்ச் முனையில் அது வெளியே வரும் கப்பின் வாயில் சுழன்று, வெளிக்காற்றையும் சேர்த்து இழுத்துவிடும். திரும்ப 9.

சிலிண்டர் மூட்டு, ஹோஸ் எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீர் தடவினேன். ஒரு குமிழி இல்லை. டார்ச்சுக்கு வந்தபோது பெடலை மிதிக்கவில்லை. மிதித்தால் ஆர்க்கைத் தொடங்கிவைக்கும் ஹை ஃப்ரீக்வென்சி மின்சாரம் கையில் அடிக்கும். மெஷினில் இருக்கும் கேஸ் டெஸ்ட் பட்டனை மட்டும் அழுத்தி, ஆறிய கப் வாயை விரலால் அடைத்தேன். டார்ச்சின் பின்மூடியான பேக் கேப்பைச் சுற்றிக் குமிழிகள் வரிசையாக வந்தன. கழற்றினால் உள்ளே ரப்பர் வளையமான ஓ-ரிங் கட்டையாகி, ஒரு பக்கம் வெடித்திருக்கிறது. நாலு நாள் வேலையைக் கெடுத்தது இந்தச் சின்ன வளையம்.

புது ஓ-ரிங் போட்டு, டார்ச்சை நன்றாக உலர்த்தினேன். கெட்ட முனையை ஒரு சென்டிமீட்டர் ஒடித்துவிட்டு, டங்ஸ்டனுக்கு மட்டும் வைத்திருக்கும் கல்லில் நீளவாக்கில் தீட்டினேன். அப்புறம் ஓட்டியதில் ஆர்க் கூம்பு மாதிரி அசையாமல் நின்றது. தையல் அடுக்கிய காசு போல வந்தது. பார்க்கவே மனசு நிறைந்தது.

நவம்பர் 16, சனி

டேங்க் முடிந்தது. குறைந்த அழுத்தத்தில் காற்று ஏற்றி, தையல் முழுக்கச் சோப்புத் தண்ணீர் தடவினோம். குமிழி எங்கும் இல்லை. தம்பி பேக் கேப் ஓ-ரிங் பத்து வாங்கி வந்து டங்ஸ்டன் டப்பாவிலேயே போட்டு வைத்திருக்கிறான்.