கார்லைல்: வெளியூரிலேயே ஆடி முடித்த ஒரு பருவம்

பென்சில்வேனியாவின் தலைநகர் ஹாரிஸ்பர்க்கிலிருந்து மேற்கே காரில் அரைமணி நேரம் போனால் கார்லைல். ஊர்ச் சதுக்கத்தில், பழைய நீதிமன்றத்தை ஒட்டி அமெரிக்கப் பூர்வகுடி விளையாட்டு வீரர் ஜிம் தோர்ப்புக்கு ஒரு நினைவுக்கல் இருக்கிறது. அதைப் படமெடுத்துக்கொண்டு அப்படியே திரும்பிவிட எனக்கு மனமில்லை. அவர் ஆடிய மைதானம் இப்போது அமெரிக்க ராணுவப் போர்க்கல்லூரி வளாகத்துக்குள் இருக்கிறது. முன்கூட்டியே சொல்லிவைத்து, வாயிலில் அடையாள அட்டையைக் காட்டி, காத்திருந்துதான் உள்ளே போக முடிந்தது.

1879 முதல் 1918 வரை இங்கே பூர்வகுடிப் பிள்ளைகளுக்கான அரசு உறைவிடப் பள்ளி நடந்தது. தலைமுடியை வெட்டி, தாய்மொழியைத் தடுத்து, அவர்களை வெள்ளையராக்குவதே நோக்கம். பெயருக்குத்தான் பள்ளி, அதன் கால்பந்து அணி மோதியதெல்லாம் பெரிய கல்லூரிகளோடு. இது நம்மூர்க் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எதிராளிகளை முட்டித் தள்ளி ஓடும் அமெரிக்க ஆட்டம்.

1912ஆம் ஆண்டுப் பருவத்தில் பதினான்கு ஆட்டங்கள்: பன்னிரண்டு வெற்றி, ஒரு தோல்வி, ஒரு சமன். அந்தக் கோடையில்தான் தோர்ப் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்று திரும்பியிருந்தார். கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்? டிக்கெட் வசூல் பெரிய நகரங்களில்தான் என்பதால் அக்டோபர் பிறந்தபின் உள்ளூரில் ஓர் ஆட்டம்கூட இல்லை. அக்டோபர் 26, சனிக்கிழமை வாஷிங்டனில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தோடு ஆட்டம்; திங்கட்கிழமை கனடாவின் டொரொன்டோவில்; அடுத்த சனிக்கிழமை மறுபடி பென்சில்வேனியாவில் லீஹை பல்கலைக்கழகத்தோடு. மூன்றிலும் வெற்றி. இடுப்பொடிய ஆடிவிட்டு ரயிலில் தூங்கி எழுந்து மறுபடி களமிறங்கிய பையன்களை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

நவம்பர் 9 அன்று வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியை 27-6 என்று வென்ற ஆட்டம்தான் எல்லோர் வாயிலும் அடிபடுகிறது. எதிரணியில் பின்னாளில் ஜனாதிபதியான ஐசன்ஹோவர் இருந்தார். அவர்களின் அணித்தலைவர் டெவோர், கார்லைலின் ஜோ குயானை முரட்டுத்தனமாகத் தாக்கியதற்காக வெளியேற்றப்பட்டார். தோர்ப் 92 கெஜம் ஓடி எடுத்த டச் டவுனை (பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டுவது) நடுவர் ரத்துசெய்ய, அடுத்த முறையே 97 கெஜம் ஓடி மறுபடி டச் டவுன் எடுத்தார் என்று ஒரு கதை உலவுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்கைப் பாருங்கள். அந்த ஆண்டுதான் டச் டவுனுக்கு ஆறு புள்ளிகள் என்று விதி மாறியது. கார்லைலின் நான்கு டச் டவுன்களில் மூன்று அலெக்ஸ் ஆர்காசாவுடையவை, ஒன்று ஜோ பெர்ஜியுடையது; மிச்ச மூன்று புள்ளிகள் தோர்ப்பின் உதையில் வந்தவை. தோர்ப்பின் பெயரில் ஒரு டச் டவுன்கூட இல்லை. தோர்ப்பின் ஓட்டமும் உதையும்தான் எதிரணியை நிலைகுலைய வைத்தன என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் ஆர்காசாவுக்கு ஊர்ச் சதுக்கத்தில் ஒரு வரியாவது இருக்க வேண்டாமா?

அடுத்த வாரமே பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திடம் 26-34 என்று தோற்றார்கள். நவம்பர் 28 அன்று பிரவுன் பல்கலைக்கழகத்தை 32-0 என்று வீழ்த்தியதோடு பருவம் முடிந்தது, கார்லைலுக்காகத் தோர்ப் ஆடியதும் முடிந்தது. முன்பு சொற்பக் காசுக்கு பேஸ்பால் ஆடியது 1913 ஜனவரியில் அம்பலமாகி, காசுக்கு ஆடியவர்களுக்கு அன்று ஒலிம்பிக்கில் இடமில்லை என்பதால் பதக்கங்கள் பறிபோயின. தனி வெற்றியாளராக அவர் பெயர் மீண்டும் ஏறியது 2022இல்தான். வசூல் பணம் போன வழியை 1914இல் நாடாளுமன்றக் குழு துருவியது; பயிற்சியாளர் பாப் வார்னர் அந்த ஆண்டோடு பள்ளியை விட்டுப் போனார்.

மைதானத்தில் புல் ஒட்ட வெட்டியிருந்தது. இரண்டு அதிகாரிகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். வளாகத்தின் ஓரத்தில், சாலையை ஒட்டிப் பிள்ளைகளின் கல்லறைகள் இருக்கின்றன. ஒரே அளவு வெள்ளைக் கற்கள், பெயரும் இனக்குழுவும் பொறித்தவை. சிலவற்றில் ‘பெயர் தெரியாதவர்’ என்று மட்டும். 2017 முதல் ராணுவம் சில உடல்களைத் தோண்டியெடுத்து அவரவர் குடும்பத்திடம் ஒப்படைத்து வருகிறது. போகிறவர்கள் நகரில் உள்ள கம்பர்லாந்து மாவட்ட வரலாற்றுச் சங்கத்துக்கும் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். பள்ளியின் புகைப்படங்கள் அங்கேதான் ஏராளம்.