திருடனுக்குப் பயந்து கட்டிய வீடு

நாகை, திருவாரூர்ப் பக்கம் தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்ப்பவனுக்கு வருடத்தில் இரண்டே காலம்தான். பங்குனி வெயில் ஏறியதிலிருந்து ஆடிக் காற்று அடங்கும்வரை கூரை வீடு, வைக்கோல் போர். ஐப்பசி பிறந்துவிட்டால் சாய்ந்த மரம், வெள்ளம், அறுந்து கிடக்கும் கம்பி. பாம்புக்கு மட்டும் காலம் கிடையாது, வருடம் முழுக்கக் கூப்பிடுவார்கள். கிணற்றில் விழுந்த மாடும் அப்படித்தான். எங்கள் துறையின் பெயரில் தீயணைப்புக்குப் பின்னால் ‘மீட்புப் பணிகள்’ என்று சேர்த்திருப்பது சும்மா இல்லை.

இந்த வேலையில் தலை நரைத்த பிறகு ஒன்று பிடிபட்டது. புயலுக்கு ஆயத்தம் ஒரு பாடம், தீக்கு ஆயத்தம் இன்னொரு பாடம் என்றுதான் எல்லோரும் சொல்லிக் கொடுக்கிறோம். ஆனால் வீடு ஒன்றுதான். திருடனுக்குப் பயந்தால் பூட்ட வேண்டும். புயலுக்குப் பயந்தால் சாத்திக்கொண்டு உள்ளே கிடக்க வேண்டும். தீப்பிடித்தால் திறந்துகொண்டு வெளியே ஓட வேண்டும். நம் ஊர் வீடுகளில் முக்கால்வாசி முதல் பயத்துக்கு மட்டும் கட்டியவை.

ஒரு மாடி வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தெருக் கேட்டில் ஒரு பூட்டு. வராந்தாவை அடைத்து ஒரு கிரில் கேட், அதில் இன்னொரு பூட்டு. தேக்குக் கதவு, உள்ளே மூன்று தாழ்ப்பாள். ஜன்னல் ஒவ்வொன்றிலும் சுவருக்குள் புதைத்த சதுரக் கம்பி. கொல்லைக் கதவுக்குக் குறுக்கே இரும்புப் பட்டை. இத்தனைக்கும் உள்ள சாவிக்கொத்து வீட்டுப் பெரியவரின் தலையணைக்கு அடியில். அவர் கல்யாணத்துக்கு வெளியூர் போயிருந்தால் எங்கே இருக்கும் என்பது அவருக்கே வெளிச்சம்.

இப்படி ஒரு வீட்டுக்கு நள்ளிரவில் போயிருக்கிறோம். கூடத்தில் ஃபிரிட்ஜுக்கு வைத்திருந்த ஸ்டெபிலைசர் எரிந்து, பக்கத்தில் திரைச்சீலை பற்றியிருந்தது. தீ பெரிதில்லை, ஒரு குடம் தண்ணீரில் அடங்கியிருக்கும். ஆனால் புகை கூடத்தை நிறைத்துவிட்டது. அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் படுக்கையறை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே முகத்தை நீட்டியபடி நின்றார்கள். பாட்டி மட்டும் கூடத்தில் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். “இங்கதான் தம்பி வச்சேன், ஆணியிலதான் மாட்டுனேன்” என்று இருமலுக்கு நடுவே திரும்பத் திரும்பச் சொன்னார். போல்ட் கட்டரால் பூட்டை வெட்டி எல்லோரையும் வெளியே கொண்டுவந்தோம். பாட்டிக்கு ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைக்க வேண்டியிருந்தது.

வீட்டுத் தீயில் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் சூடு இல்லை, புகை. அது முதலில் கூரையில் தேங்கும், பிறகு அங்கிருந்து கீழே இறங்கிக்கொண்டே வரும். அதனால்தான் குனிந்து, முடிந்தால் தவழ்ந்து வெளியே வரச் சொல்கிறோம். ஈரத் துணியை மூக்கில் வைத்துக்கொண்டால் கரித்தூளைத் தடுக்கும், கார்பன் மோனாக்சைடைத் தடுக்காது. ஈரத் துணி இருக்கிறது என்ற தைரியத்தில் நகையை எடுக்க உள்ளே திரும்பிப் போகிறவர்களுக்கு இதைச் சொல்லிவைக்க வேண்டும்.

டெல்டாவில் வேலை பார்த்தவன் 2004ஆம் வருடத்தைத் தாண்டிப் போக முடியாது. ஜனவரியில் ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபத்தில் கீற்றுப் பந்தல் பற்றியது. அதே வருடம் ஜூலை 16ஆம் தேதி கும்பகோணத்துப் பள்ளியில் சமையல் கொட்டகைத் தீ வகுப்புக் கூரைக்கு ஏறி 94 குழந்தைகள் போனார்கள். கீற்று எரியும் என்பது எல்லோருக்கும் தெரியும், அதன் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கொட்டகையே கூடாது என்றும் ஆனது. ஆனால் அங்கே அத்தனை பிள்ளைகளும் இறங்க இருந்தது குறுகலான ஒரு படிக்கட்டு. எங்களுக்குள் அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் கீற்றைவிடப் படிக்கட்டைப் பற்றித்தான் பேசுவோம்.

இனி காற்று. கஜா புயல் 2018 நவம்பர் 16 விடியலுக்கு முன் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. வானிலைத் துறைக் கணக்கில் மணிக்கு 100 முதல் 110 கிலோமீட்டர், இடையிடையே 120. அன்றிரவு எங்களால் வெளியே வரவே முடியவில்லை என்பதுதான் உண்மை. தொலைபேசி அடித்துக்கொண்டிருந்து பிறகு அதுவும் செத்தது. காற்று அந்த வேகத்தில் அடிக்கும்போது வண்டி வராது, வந்தாலும் சாலை இருக்காது. புயலுக்கு ஆயத்தம் என்றால் எங்களை எதிர்பார்க்காமல் ஒரு இரவையாவது தாண்டுவதற்கான ஆயத்தம். இதை நான் கூட்டங்களில் சொன்னால் மேலதிகாரிகளுக்குப் பிடிக்காது. ஆனாலும் சொல்வேன்.

அந்த இரவில் பலரை ஏமாற்றியது நடுவில் வந்த அமைதி. கிழக்கிலிருந்து மேற்கே போகிற புயலின் மையம் உங்கள் தலைக்கு மேல் போனால் முதலில் வடக்கிலிருந்து அடிக்கும், பிறகு சட்டென்று ஓயும். ஓடு எத்தனை போயிற்று, மாடு இருக்கிறதா என்று பார்க்க ஜனங்கள் டார்ச்சோடு வெளியே வருவார்கள். அடுத்து தெற்கிலிருந்து திரும்ப அடிக்கும். வடக்குக் காற்றில் வேர் தளர்ந்து நின்ற தென்னை எதிர்ப்பக்கம் சாய்வது அப்போதுதான். “ரேடியோவில் கடந்துவிட்டது என்று சொல்லும்வரை வாசற்படி தாண்டாதீங்க” என்று கடற்கரைக் கிராமங்களில் கிழவர்கள் சொல்வதைச் சின்னவர்கள் கேட்டால் போதும்.

கூரையைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் உண்டு. காற்று கூரையை அமுக்கிப் பிய்ப்பதில்லை, மேலே உறிஞ்சித் தூக்குகிறது. அதோடு காற்றடிக்கும் பக்கத்துக் கதவு திறந்துகொண்டால் உள்ளே புகுந்த காற்றும் கீழிருந்து நெட்டும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட வீட்டில் கொக்கி போல்ட்டின் வாஷர் துருப்பிடித்திருந்தால் முதலில் போவது அந்த ஓரத்து ஷீட்தான். ஐப்பசிக்கு முன்னால் ஏறி ஒவ்வொரு போல்ட்டையும் திருகிப் பார்க்க அரை நாள் போதும். (ஷீட்டின்மேல் நேராகக் கால் வைக்காமல் பலகை போட்டு ஏறவும். புயலுக்கு முன்பே வந்த எலும்பு முறிவுகளைப் பார்த்திருக்கிறேன்.) கீற்று வீட்டுக்கு மீனவக் குப்பங்களில் பழைய வலையைக் கூரைமேல் போர்த்தி நாலு பக்கமும் முளை அடித்துக் கட்டுவார்கள். காசு செலவில்லாத நல்ல வேலை. வீட்டை ஒட்டிய முருங்கையை முன்னமே கழித்துவிட வேண்டும், தென்னையில் முற்றிய காயையும் பழுத்த மட்டையையும் இறக்கிவிட வேண்டும். கஜாவில் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்து கிடந்தபோது பனை நின்றது. அதைப் பார்த்த பிறகும் வரப்பில் பனை வைத்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

ஆனால் எனக்குக் கஜா என்றால் அந்த இரவு இல்லை, அதற்குப் பிறகு வந்த வாரங்கள். ஒரு லட்சத்துக்கு மேல் மின்கம்பம் சாய்ந்திருந்தது. உள்ளடங்கிய ஊர்களில் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆயிற்று. கூரை போன வீடுகளில் எல்லாம் தார்ப்பாய். தார்ப்பாய்க்குள் மெழுகுவர்த்தி, சிம்னி, கொசுவத்தி. அந்த வருடம் கார்த்திகை தீபம் நவம்பர் 23, புயல் அடித்துச் சரியாக ஒரு வாரம். இழவு விழுந்த மாதிரி இருந்த ஊரிலும் பெண்கள் அகல் ஏற்றினார்கள். ஏற்றாதீர்கள் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. எண்ணெயைக் குறைத்து ஊற்றி, தார்ப்பாய்க்கு வெளியே, மணல் பரப்பிய தட்டில் வைக்கச் சொல்லித் தெருத் தெருவாகப் போனோம். மர அறுவை இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு மரம் வெட்டப் போன இடத்தில் எல்லாம் அதுவும் ஒரு வேலை.

அதே நாட்களில் வாடகை ஜெனரேட்டர் வண்டிகள் ஊர் ஊராக வந்தன. மணிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு மோட்டார் ஓட்டித் தொட்டியை நிரப்பிக் கொடுப்பார்கள். நல்ல உதவிதான். வீட்டுக்கே சொந்தமாகச் சிறிய ஜெனரேட்டர் வாங்கியவர்கள்தான் பயமுறுத்தினார்கள். மழை நனைக்கும் என்று அதை ரேழியில் வைத்து ஓட்டினால் புகை உள்ளேதான் சுற்றும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கம் வருகிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். சூடாக ஓடிக்கொண்டிருக்கும்போதே பெட்ரோல் ஊற்றுவது இன்னொன்று. மூன்றாவது, கம்பத்து லைனைத் துண்டித்து ஜெனரேட்டருக்கு மாற்றுகிற சுவிட்ச் இல்லாமல் ப்ளக் பாயிண்டில் செருகி வீடு முழுக்க ஓட்டுவது. அந்த மின்சாரம் மெயின் வழியாகத் திரும்பிக் கம்பத்துக்குப் போகும். அங்கே லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பி வெறுங்கையோடு மின்வாரியத் தொழிலாளி ஏறியிருப்பார்.

கரண்ட் திரும்ப வந்த நாளன்று ஊரே கைதட்டியது. எங்களுக்கு அன்று அழைப்புகள். போகும்போது போட்டபடி இருந்த சுவிட்ச் எல்லாம் ஒரே நேரத்தில் உயிர் பெறும், சுவருக்குள் ஈரம் காய்ந்திருக்காது. முகாமுக்குக் கிளம்பும்போது மெயினை அணைத்துவிட்டுப் போயிருந்தால், வந்த பிறகு ஒவ்வொரு அறையாகப் போட்டுப் பார்த்திருக்கலாம். மின்கசிவு கண்டதும் கரண்டைத் துண்டிக்கிற முப்பது மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் ஒன்று பலகையில் இருந்தால் ஈரச் சுவரில் கசிவு வந்ததும் அதுவே விழுந்துவிடும். அது விழுகிறதே என்று எரிச்சல்பட்டு எலெக்ட்ரீஷியனை அழைத்து அதை நீக்கச் சொன்ன வீடுகளும் உண்டு.

மெயின் எங்கே இருக்கிறது என்று கேட்டால் வீட்டில் இருப்பவர்கள் சொல்லும் பதில் என் சர்வீஸ் முழுக்க மாறவில்லை. “அது அவருக்குத்தான் சார் தெரியும்.” அவர் திருப்பூரில் இருப்பார், அல்லது சிங்கப்பூரில். வீட்டில் இருப்பது அத்தையும் கைக்குழந்தைக்காரியும். வருடா வருடம் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் நடத்துகிறோம். 1944இல் அதே 14ஆம் தேதி பம்பாய்த் துறைமுகத்தில் ‘ஃபோர்ட் ஸ்டிகைன்’ கப்பல் வெடித்தபோது அணைக்கப் போய் உயிர்விட்ட தீயணைப்பாளர்களின் நினைவாக வந்தது அது. கல்லூரியில், அலுவலகத்தில் எரிகிற சிலிண்டர்மேல் நனைந்த சாக்கைப் போர்த்தி அணைத்துக் காட்டுவோம். பையன்கள் செல்போனில் படம் பிடிப்பார்கள். காலை பத்தரை மணிக்கு அடுப்படியில் நிற்கிறவர் அந்தக் கூட்டத்தில் இருக்க மாட்டார்.

நூறு நாள் வேலை நடக்கும் குளத்தங்கரைக்கு அதே சாக்கையும் சிலிண்டரையும் கொண்டுபோன பிறகுதான் எனக்கு இந்த வேலையில் ருசி வந்தது. கேள்விகள் அங்கேதான் வரும். “சிலிண்டர் நெசமாவே வெடிக்குமா தம்பி, இல்ல சினிமாவுலதானா?” என்று ஒரு பெரியம்மா கேட்டார். நல்ல கேள்வி. சும்மா இருக்கிற சிலிண்டர் தானாக வெடிப்பதில்லை, பெரிய தீயில் வெகுநேரம் வெந்தால் வெடிக்கலாம். வீட்டில் நடப்பது பெரும்பாலும் கசிவு. கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து மூலையில் தேங்கும். யாராவது லைட் போட்டால் அறையே வெடிக்கும். நாற்றம் வந்தால் ரெகுலேட்டரை மூட வேண்டும், கதவு ஜன்னலைத் திறக்க வேண்டும், எந்தச் சுவிட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது, வெளியே போய் 1906க்குப் பேச வேண்டும். சிலிண்டரோடு நூலில் கட்டி வருகிற வெள்ளை மூடியை யார் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். சிரித்தார்கள். பிள்ளைகள் விளையாடித் தொலைத்திருந்தன. ரெகுலேட்டரைக் கழற்றியதும் வால்வைக் காப்பது அந்த மூடிதான்.

வாணலி எண்ணெய் பற்றினால் என்ன செய்வீர்கள் என்றதற்கு முக்கால்வாசிப் பேர் தண்ணீர் என்றார்கள். கொதிக்கிற எண்ணெய்க்கு அடியில் போன தண்ணீர் நொடியில் ஆவியாகி எண்ணெயைக் கூரைவரை வாரி இறைக்கும். அடுப்பை அணைத்து, பெரிய தட்டால் மூடிவிட்டு, ஆறும்வரை திறக்காமல் விட வேண்டும். வாணலியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடுவது அதைவிட மோசம்.

கூரை வீட்டுத் தீயில் தீயணைந்த பிறகு கேட்கிற அழுகை பெரும்பாலும் பொருளுக்காக இருக்காது. பட்டா, ரேஷன் கார்டு, பிள்ளையின் மார்க் ஷீட். வி.ஏ.ஓ. வந்து கணக்கெடுத்து அரிசியும் வேட்டி சேலையும் பணமும் கிடைக்கும். சான்றிதழுக்கு அலைவது வேறு கதை. தண்ணீர் புகாத பையில் எல்லாவற்றையும் போட்டு வாசல் கதவுக்குப் பக்கத்தில் மாட்டி வையுங்கள் என்பேன். பீரோவில் வைத்தால்தான் பத்திரம் என்பார்கள். திருடனிடமிருந்து பத்திரம்தான். படங்களையாவது எடுத்து வெளியூர்ப் பிள்ளையின் போனுக்கு அனுப்பி வைக்கச் சொல்கிறேன், டிஜிலாக்கர் தெரிந்தவர்களுக்கு அது இன்னும் நல்லது.

இப்போது உறவுக்காரர்கள் யாராவது வீடு கட்டினால் படுக்கையறைக்கு ஒரு ஜன்னல் கம்பியைக் கீல் வைத்துத் திறக்கிற மாதிரி செய்யச் சொல்லி நச்சரிக்கிறேன். மேஸ்திரிக்குப் பிடிக்காது, “ஏன் சார், திருடனுக்கு நீங்களே வழி விடுறீங்க” என்பார். என் மனைவியே அவர் கட்சி. கிரில் பட்டறைக்காரர் மட்டும் சிக்கலில்லாமல் செய்து தருகிறார். பூட்டு உள்பக்கம் வர வேண்டும். சாவி அதே சுவரில், ஜன்னலுக்கு வெளியிலிருந்து கையை நீட்டினால் எட்டாத தூரத்தில், உள்ளே பத்து வயதுப் பிள்ளைக்கு எட்டுகிற உயரத்தில் ஒரு ஆணியில். அந்தச் சாவியை வேறு எந்தக் கொத்திலும் சேர்க்கக் கூடாது. ஐப்பசிக்கு முன்னால் கீலுக்கும் பூட்டுக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, இருட்டில், அந்தப் பிள்ளையையே திறக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும்.